நாலு துண்டு விவகாரம்

அந்த வீட்டில் இரண்டு பேருடைய அதிகாரம் நடந்தது. ஒருவர் அம்மா. இன்னொருவர் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டருக்கு வயது பத்து. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில்தான் அதை யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்னே என்ன? அப்பா குளித்துவிட்டு வெளியே வந்தால், உள்ளே விளக்கு எரிகிறதா என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும். அம்மா பாத்திரம் துலக்கினால், குழாய் சும்மா ஓடுகிறதா என்று அதே தலை வந்து பார்க்கும். ஐந்து வயதுத் தம்பி பல் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்று பார்க்கும். அந்தத் தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. வாலு. அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவதென்று முடிவானதும் அப்பா ஒரு காரியம் செய்தார். கைபேசியை எடுத்து இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார்.

"ஓட்டலை நீயே பார்த்து முடிவு பண்ணு."

"நானா?"

"ஆமா. நான் பார்த்தா அங்க போய் அது சரியில்ல, இது வீணாகுதுன்னு நாள் பூரா சொல்லிட்டே இருப்ப. நீயே பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

இன்ஸ்பெக்டர் அசரவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகள் எழுதினாள். குடிக்கிற தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலிலா? சோப்பு குட்டிக் குட்டிப் பாக்கெட்டிலா? துண்டை ஒருநாள் பயன்படுத்தியதுமே துவைக்கப் போட்டுவிடுவீர்களா?

முதல் ஓட்டலின் படத்தில் எங்கு பார்த்தாலும் பச்சை இலைகள். பெயருக்குப் பக்கத்தில்கூட ஒரு இலை.

"எங்க ஓட்டல் முழுக்க முழுக்கப் பசுமைதாம்மா!" என்றார் போனை எடுத்தவர்.

"எப்படி அங்கிள்?"

"சுவர் எல்லாம் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கோமேம்மா!"

இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பெயரை அடித்துவிட்டாள்.

இரண்டாவது ஓட்டல்காரர் கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கவலையே படாதீங்க! துண்டு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாத்திடுவோம். தண்ணி பாட்டில் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம்!" என்றார். இவள் கவலைப்பட்டது அதற்குத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது ஓட்டலில் ஒரு இளைஞர் எடுத்தார். மூன்று கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குச் சரியா தெரியலையேம்மா. நான் புதுசு. துணி துவைக்கிற இடத்துல கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்."

"இவர் எங்க கூப்பிடப் போறார்?" என்றார் அப்பா. கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"கேட்டுட்டேன்மா. தண்ணி கண்ணாடி ஜாடியில வைப்போம். சோப்பு, பெரிய பாட்டில்ல சுவர்லயே மாட்டியிருக்கும். துண்டு தொங்கிட்டு இருந்தா நாங்க தொட மாட்டோம். தரையில கிடந்தாத்தான் துவைக்க எடுப்போம். அப்புறம் இன்னொண்ணு. மெத்துமெத்துன்னு துண்டு இருக்கும்னு நினைச்சு வந்துடாதீங்க. எங்களோடது மெல்லிசு. கொஞ்சத் தண்ணியில அலசிடலாம், சட்டுனு காய்ஞ்சிடும். அதனாலதான்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"தெரியலைன்னு சொன்ன ஓட்டலையா எடுக்கிற?" என்று கேட்டார் அம்மா.

"தெரியலைன்னு சொன்னாரு இல்ல? அதனாலதான்."

ஓட்டல் அவர் சொன்னபடியே இருந்தது. கடலுக்கு ஒரு தெரு தள்ளி மூன்று மாடிக் கட்டடம். இவர்களுக்கு இரண்டாவது மாடியில் பதினான்காம் எண் அறை. மேசைமேல் தண்ணீர் ஜாடி. குளியலறைச் சுவரில் சோப்புப் பாட்டில். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை: 'துண்டு தொங்கினால் தொடமாட்டோம். தரையில் கிடந்தால் துவைக்கப் போடுவோம்.'

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை ஆட்டினாள். பரிசோதனையில் ஓட்டல் பாஸ்.

ஒரே ஒரு குறை. துண்டு போடும் கம்பி குளியலறைக்குள் இருந்தது. அங்கே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ஈரத் துண்டை அங்கே போட்டால் மறுநாள் நாற்றம் குடலைப் பிடுங்கும். அதனால் மறுநாள் எல்லாரும் குளித்து முடித்ததும், அவள் நான்கு துண்டுகளையும் எடுத்துவந்து ஜன்னல் ஓரத்து நாற்காலிகளின் முதுகில் போட்டாள். நாற்காலிக்கு இரண்டாக, ஓரம் சரிபார்த்து, அழகாகத் தொங்கவிட்டாள். அறைக்கு ஏ.சி. உண்டு. ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல் இருக்கும்போது ஏ.சி. எதற்கு? ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பினார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தால், கட்டில்மேல் நான்கு புதிய துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"என்ன இது!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"யாராவது மறந்து எடுத்திருப்பாங்க. விடு" என்றார் அம்மா.

விட்டாள். அடுத்த நாளும் அதேபோல் தொங்கவிட்டாள். அன்று சாயங்காலமும் கட்டில்மேல் நான்கு புதிய துண்டுகள்! சோப்பு வாசனைகூடப் போகவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. அத்தனை ஓட்டல்களை விட்டுவிட்டு இதை நம்பி வந்தாளே! வாய் கிழியப் பேசிவிட்டு இப்படிச் செய்யலாமா? விறுவிறுவென்று கீழே போனாள். வரவேற்பு மேசையில் தங்குபவர்கள் கருத்து எழுதும் நோட்டு இருந்தது. 'அருமை', 'நன்று', 'மீண்டும் வருவோம்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதற்கெல்லாம் கீழே அவள் தன் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள்:

'உங்கள் அட்டையில் இருப்பது பொய். இரண்டு நாளும் துண்டுகளைத் தொங்கவிட்டோம். இரண்டு நாளும் எடுத்துத் துவைத்துவிட்டீர்கள். மொத்தம் எட்டு துண்டு! எவ்வளவு தண்ணீர் வீண்? நீங்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. - அறை எண் 14.'

மேலே வந்து சொன்னதும் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "எழுதுறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாங்கம்மா."

அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். உண்மையை எழுதிவிட்ட நிம்மதி.

அடுத்த நாள் படகுச் சவாரி. இந்தப் பயணம் முடிவான நாளிலிருந்தே அவள் காத்திருந்தது அதற்குத்தான். ஒன்பதரை மணிக்குப் படகு. மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அதை விட்டால் வேறு படகும் இல்லை.

காலைச் சாப்பாட்டுக்காக அவள் எல்லாருக்கும் முன்னால் படியிறங்கப் போனாள். படிக்குப் பக்கத்தில் துணிகள் அடுக்கி வைக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஒன்று மேலாளருடையது. கனமான கண்ணாடி போட்ட, கண்டிப்பான பெண்மணி அவர். இன்னொன்று அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவுடையது.

"தொங்குன துண்டை நான் தொட்டதே இல்ல மேடம். தரையிலதான் கிடந்துச்சு."

"நாலுமா?"

"நாலும்தான் மேடம்."

"ரெண்டு நாளுமா?"

அக்காவின் குரல் இறங்கியது. "ரெண்டு நாளும்தான்."

"நீயே சொல்லு. இதை யாராவது நம்புவாங்களா? சின்னப் பொண்ணும்மா. அது எதுக்குப் பொய் எழுதப் போகுது? நாளையோட நீ சேர்ந்து ஒரு மாசம் ஆகுது. உன்னை நிரந்தரம் பண்ணலாம்னுதான் இருந்தேன். இப்ப நான் என்ன பண்றது?"

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து, அது விடுறதுக்குள்ள திரும்பிப் போற மாதிரி வேற வேலை எனக்குக் கிடைக்காது."

"நாளைக்குப் பார்க்கலாம். போய் வேலையைப் பாரு."

இன்ஸ்பெக்டர் சுவரோடு ஒட்டி நின்றாள். காது சுட்டது. அவள் எழுதியது ஓட்டலைப் பற்றி. ஓட்டல் என்றால் கட்டடம், அட்டை, ஜன்னல் என்றுதான் நினைத்திருந்தாள். அந்தத் துண்டுகளை இரண்டு கைகள் எடுத்தன, அந்தக் கைகள் இந்த அக்காவுடையவை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் நடந்ததை அப்பா அம்மாவிடம் சொன்னாள்.

"அந்த அக்கா பொய் சொல்ற மாதிரி இல்லம்மா. குரலைக் கேட்டாலே தெரியுது. ஆனா நானும் பொய் எழுதலையே! நான்தானே தொங்கவிட்டேன்?"

"அப்போ நடுவுல என்னமோ நடக்குது" என்றார் அப்பா.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். வாய் நிறைய ரொட்டியோடு அவன் விழித்தான்.

"டேய், உண்மையைச் சொல்லு. நாம கிளம்பும்போது துண்டை இழுத்துக் கீழ போட்டியா?"

"எந்தத் துண்டு?"

"நடிக்காத. நீ என்ன பண்ணினன்னு எனக்குத் தெரியும்."

வாலுவின் முகம் வாடியது. "தெரியுமா? குளிக்கிற இடத்துல ஓட்டைக்குள்ள மண்ணு போட்டது நான்தான். கொஞ்சூண்டுதான் போட்டேன். சங்கும் போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து குளியலறைத் தண்ணீர் ஏன் போகாமல் நின்றது என்பது தெரிந்துவிட்டது. துண்டு விஷயம் மட்டும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் படகுக்கு வரல."

"என்னது?"

"துண்டைத் தொங்கவிட்டுட்டு ரூமிலயே உட்கார்ந்து பார்க்கப் போறேன். நாளைக்கு அந்த அக்காவோட வேலை போயிடும்ப்பா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கண்ணைக் காட்டினார். "நீங்க சின்னவனைக் கூட்டிட்டுப் போங்க. நான் இவகூட இருக்கேன்."

அறைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் நேற்றுப்போலவே செய்தாள். நாற்காலிக்கு இரண்டு துண்டு. விரியத் திறந்த ஜன்னல். சாத்திய கதவு. பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும் ஒளிஞ்சுக்கணுமா?" என்று அம்மா கேட்டார்.

"நீங்க கட்டில்ல படுத்துக்கங்க. ஆடாம இருந்தா போதும்."

"நல்லதாப் போச்சு. இதைத்தான் மூணு நாளா கேட்டுட்டு இருந்தேன்."

ஒன்பதே கால். துண்டுகள் அப்படியே தொங்கின. ஒன்பதரை. தூரத்தில் படகின் ஊதல் ஒலித்தது. இன்ஸ்பெக்டரின் கண் கலங்கியது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா கையை நீட்டி அவள் தலையைத் தடவினார்.

ஒன்பதே முக்கால். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுத்தது. துண்டுகள் நன்றாகக் காய்ந்து, ஓரங்கள் லேசாக ஆடின. ஆனால் விழவில்லை.

பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் சக்கர வண்டி உருளும் சத்தம். தரை துடைக்கும் சத்தம். பிறகு எங்கோ ஒரு தாழ்ப்பாள் 'டக்'கென்று விலகியது. யாரோ கதவைத் தட்டினார்கள். ஒருமுறை, இரண்டுமுறை. இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சாவி திரும்பியது. கதவு திறந்தது.

அவ்வளவுதான்! உஸ்ஸென்று ஒரு காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து அறையைக் கடந்து கதவுப் பக்கம் பாய்ந்தது. முதல் துண்டு நாற்காலியிலிருந்து வழுக்கியது. இரண்டாவது எழும்பிக் கட்டிலருகே விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகச் சுருண்டு தரையில் கிடந்தன. நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா அதைப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிவிட்டு, வெளியே நின்ற வண்டியிலிருந்து துடைப்பத்தை எடுக்கத் திரும்பியிருந்தார். எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினால், தரையில் நான்கு துண்டுகள்.

அக்கா அப்படியே நின்றார்.

"இன்னைக்குமா?" என்றார் தனக்குத்தானே. அக்கா மெல்லக் குனிந்தார்.

"எடுக்காதீங்க!"

கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை முளைத்ததும் அக்கா அலறிக்கொண்டு துடைப்பத்தைப் போட்டுவிட்டார். கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்ததும் இன்னொரு முறை அலறினார்.

"பயப்படாதீங்க அக்கா, நாங்கதான்! நான் பார்த்துட்டேன்! காத்துக்கா! காத்துதான் தள்ளிவிடுது!"

"காத்தா?"

இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே ஓடிப் பார்த்தாள். பதினான்காம் எண் அறைக்கு நேர் எதிரே, தாழ்வாரத்தில் ஒரு பெரிய ஜன்னல் திறந்திருந்தது.

"இந்த ஜன்னல் காலையில மூடியிருந்ததே?"

"நான்தான் திறந்தேன் கண்ணு. தரையைத் துடைச்சதும் இதைத் திறந்துவிட்டா கடகடன்னு காய்ஞ்சிடும். யாரும் வழுக்கி விழ மாட்டாங்க, ஃபேன் போட வேண்டிய வேலையும் இல்ல. பத்து மணிக்குத் திறப்பேன், வேலை முடிஞ்சதும் மூடிடுவேன்."

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏ.சி. வேண்டாமென்று இவள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஃபேன் வேண்டாமென்று அக்கா இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்தார். தண்ணீர் மிச்சமாகட்டும் என்று ஓட்டல்காரர்கள் காற்றில் பறக்கிற மாதிரி மெல்லிய துண்டு வாங்கி வைத்தார்கள். மூன்று பேரும் செய்தது நல்லது. மூன்று நல்லதும் கைகோத்துக்கொண்டு துண்டைக் கீழே தள்ளிவிட்டன!

"நானும் ஒரு நாளாவது யோசிச்சிருக்கணும்" என்றார் அக்கா. "ஆனா வர்றவங்க துண்டைத் தரையில வீசிட்டுப் போறது வழக்கம்தானே? கிடந்தா எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க, எடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க முடியாது.

"அக்கா... நோட்டுல எழுதினது நான்தான்."

"தெரியும். அறை எண் போட்டிருந்தியே."

"என்மேல கோபமா?"

அக்கா உடனே இல்லை என்று சொல்லவில்லை. "இருந்துச்சு. இப்ப கதவைத் தட்டும்போதுகூட இருந்துச்சு. எதிர்ல வந்தா சிரிக்கக்கூடாதுன்னு நினைச்சேன்."

"மன்னிச்சுக்கங்க அக்கா. கேட்காம எழுதிட்டேன்."

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அம்மா. "வா, முதல்ல மேலாளரைப் பார்ப்போம்."

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காத்துமேல பழி போடறது ரொம்ப சுலபம் பாப்பா. அது வந்து மறுத்துப் பேசாது பாரு."

"நீங்களே வந்து கதவைத் திறந்து பாருங்க மேடம்!"

நான்கு துண்டுகளும் மறுபடி நாற்காலி ஏறின. கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் அம்மா ஒருபுறமும் அக்கா ஒருபுறமும் நிற்க, மேலாளர் சாவியைத் திருகிக் கதவைத் திறந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. துண்டுகள் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வேண்டுமென்றே செய்வதுபோல் ஒரு நூல்கூட ஆடவில்லை.

மேலாளரின் புருவம் உயர்ந்தது. அக்காவின் முகம் வெளிறியது. இன்ஸ்பெக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'நான்தான் என் கண்ணால பார்த்தேனே!' திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்து ஜன்னல் மூடியிருந்தது.

"அக்கா! இதை யார் மூடினது?"

"நான்தான்" என்றார் அக்கா தயங்கியபடி. "இதைத் திறந்ததாலதானே இவ்வளவும்? மேடம் பார்த்தா திட்டுவாங்கன்னு மூடிட்டேன்."

"ஐயோ அக்கா!"

ஜன்னலை மறுபடி திறந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். மேலாளர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொருமுறை திறந்தார்.

இந்தமுறை காற்று வட்டியோடு வந்தது. மூன்று துண்டுகள் தரையில் விழுந்தன. நான்காவது விழவில்லை. பறந்து வந்து மேலாளரின் தலையில் உட்கார்ந்துகொண்டது.

துண்டுக்கு அடியிலிருந்து மேலாளரின் குரல் மட்டும் வந்தது.

"மெல்லிசு துண்டா வாங்கலாம்னு யோசனை சொன்னது நான்தான்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு மேலாளரே சிரித்தார். கடைசியில் பயந்து பயந்து அக்காவும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மேலாளர் குளியலறைக்குள் போய்க் கம்பியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். "பாப்பா சொல்றது சரிதான். அங்க போட்டா துண்டு எப்படிக் காயும்? ஆனா ஜன்னலை எல்லாம் மூடச் சொல்லவும் எனக்கு மனசில்ல. என்ன பண்ணலாம்?"

அவர் கேட்டது இன்ஸ்பெக்டரைப் பார்த்து. பதில் சொன்னது அக்கா.

"மேடம், துணி காயப்போடற இடத்துல கிளிப் கூடை கூடையா கிடக்கு. ரூமுக்கு நாலு வெச்சா போதும்."

மேலாளர் அக்காவை ஒரு நிமிடம் பார்த்தார். "காலையில நீ சொன்னப்போ நான் மேல வந்து பார்த்திருக்கணும்" என்றார். துடைப்பம் இன்னும் கீழேயே கிடந்தது. அக்கா அதை எடுப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் கேட்டாள்: "மேடம், நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?"

"அந்த நோட்டுல பக்கம் கிழிக்கிற வழக்கம் இல்ல. நல்லா எழுதினாலும் இருக்கும், திட்டி எழுதினாலும் இருக்கும். வேணும்னா கீழே எழுது."

எழுதினாள். நேற்று எழுதியதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடித்தது.

'மேலே நான் எழுதியது தவறு. அட்டையில் இருப்பது உண்மைதான். துண்டுகளைத் தள்ளிவிட்டது கடற்காற்று. ஜன்னலைத் திறந்து வைத்தது நான். அக்கா தொங்கிய துண்டை ஒருநாளும் தொடவில்லை. நான் கேட்காமல் எழுதிவிட்டேன். இந்த ஓட்டலில் தாராளமாகத் தங்கலாம். துண்டுக்குக் கிளிப் போடவும். - அறை எண் 14.'

மதியம் அப்பாவும் வாலுவும் வந்தார்கள்.

"படகு எப்படிடா இருந்துச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். கேட்கும்போதே நெஞ்சில் ஏக்கம் அடைத்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

"சூப்பர்! படகு இப்படி ஆடுச்சு, அப்படி ஆடுச்சு. அப்பா வாந்தி எடுத்தாரு!"

"அதை எதுக்குடா இப்ப சொல்ற?" என்றபடி அப்பா கட்டிலில் விழுந்தார். பிறகு, ஒரு கண்ணை மட்டும் திறந்து மகளைப் பார்த்தார். "உன் விஷயம் என்னாச்சு?"

"தெரிஞ்சிடுச்சுப்பா. ஆனா அக்காவுக்கு வேலை நிலைக்குமான்னு தெரியல. நாளைக்குத்தான் சொல்வாங்களாம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. வாசலுக்கும் படிக்கட்டுக்குமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு. ஏறும்மா" என்றார் அப்பா. வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். கார் கிளம்பியது.

"நில்லுங்க, நில்லுங்க!"

படிகளில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். அக்கா! ஒரு கையில் ஈரத்துணி, இன்னொரு கையில் கொத்துக் கிளிப்புகள். காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக நின்றார்.

"அக்கா, மேடம் சொல்லிட்டாங்களா?"

அக்கா தலையை வேகமாக ஆட்டினார். ஒருவழியாக மூச்சு வந்ததும் இன்ஸ்பெக்டரின் கன்னத்தை ஈரக் கையாலேயே தொட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவை எப்ப வந்தாலும் ரெண்டாவது மாடியே கேட்டு வாங்கு கண்ணு. நான் இங்கதான் இருப்பேன்."